மேல் பாதி

அவர் ஒரு முழு டீயைக் குடித்து நான் பார்த்ததே இல்லை. டீக்கடையில் நின்றால் கூடவே ஒரு காலி கிளாஸும் கேட்பார். கையில் இருப்பதைப் பாதியாக ஆற்றி, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் ஒன்றை நீட்டுவார். எதில் நுரை அதிகமோ, அதாவது எதில் டீ குறைச்சலோ, அது அவருக்கு. இத்தனைக்கும் மனுஷனுக்கு வேலையே டீ போடுவதுதான். அணுபுரத்துப் பக்கம் ஒரு அலுவலக கேண்டீனில் டீ மாஸ்டர். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஆற்றி ஊற்றுகிறவர், தனக்கென்று ஒரு கிளாஸை முழுசாகப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்படுவார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில், மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் உட்காருவார். உட்காருவார் என்று சொல்வதே தப்பு. ஒரு தொடை சீட்டில் இருக்கும், இன்னொரு தொடை நடைபாதையில் அந்தரத்தில் இருக்கும். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் சும்மா கிடக்கும். உள்ளே தள்ளி உட்காரச் சொன்னால், "யார்னா வருவாங்க தம்பி" என்பார். யாரும் வராமலே பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் கடைவரைக்கும் அவர் குடையில் நடந்து வந்தேன். உள்ளே வந்து பார்த்தால் என் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவருக்கு இடது தோளிலிருந்து செருப்புவரைக்கும் நனைந்து, நெஞ்சு நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் உலர்ந்த துணி.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு காகிதத்தில் தன் பெயர் மட்டும் தனியாக இருப்பதைப் பார்த்தால் அதற்கும் கூச்சப்படுவார்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் ஆளாக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். புதுசு விற்போம், பழசு வாங்குவோம், வீட்டுக்குப் போய் ரிப்பேரும் பார்ப்போம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அட்டைப் பெட்டிமேல் போட்டிருக்கிற இங்கிலீஷில் எனக்குப் பிடிபட்டது எண்கள் மட்டும்தான். அதனாலோ என்னவோ, ஒரு சாமானைப் பார்த்து இது நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒருமுறை தைரியமாகச் சொல்லி விற்ற பழைய மானிட்டர் ஒன்பதாம் நாள் புகைந்துவிட்டது. வாங்கினவர் அதைத் தூக்கிவந்து எல்லார் முன்னாலும் மேஜையில் வைத்து, படித்தவன் இருக்கிற கடையில் இப்படி நடக்குமா என்று கேட்டார். அன்றையிலிருந்து எந்த மானிட்டரைப் பார்த்தாலும் அது என்றைக்குச் சாகும் என்பதுதான் முதலில் என் கண்ணுக்குத் தெரியும்.

அவர் ஒருநாள் அந்தக் கடைக்குள் கையில் ஓர் அட்டையோடு வந்தார். கேண்டீனுக்கு வருகிற டீத்தூள் பெட்டியிலிருந்து வெட்டின அட்டை. கிட்டே போனால் டீத்தூள் வாசனை அடிக்கும். வரிசையாக எரிந்துகொண்டிருந்த மானிட்டர்களின் முன்னால் குனிந்து, அட்டையால் திரையின் மேல் பாதியை மறைத்துக் கீழே பார்த்தார். பிறகு கீழ்ப் பாதியை மறைத்து மேலே பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் இப்படியே. முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு பாக்க வந்தா மாரி முக்காடு போட்டுப் போட்டுப் பாக்கறீங்க?"

"ரெண்டு பேரு சாப்புட்ற தட்டு சார். ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கீதான்னு பாக்கறேன்."

முதலாளிக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு எங்கள் கடையில் அட்டைக்காரர் என்று பெயராகிவிட்டது. எனக்கு மட்டும் புரிந்தது. ஏனென்றால் அந்த அட்டையை அவர் கையில் எடுக்க வைத்ததே நான்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் வீட்டுக்கு ரிப்பேருக்குப் போயிருந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் அஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. அவர், அவர் மனைவி, ஒரே பெண். மனைவி துணிக் கம்பெனி வேனில் தையல் வேலைக்குப் போய்வருகிறவர். பெண் பன்னிரண்டாவது பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அணுபுரம் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் விட்டுப்போன கம்ப்யூட்டரை அவள் ஆறாவது படிக்கும்போது வாங்கியிருந்தார். பெண்ணின் படிப்புக்கு என்று வீட்டில் சொல்லி வாங்கியது. படிப்புக்கும் பயன்பட்டிருக்கும். ஆனால் சாயங்காலம் அவர் கேண்டீனிலிருந்து வந்த பிறகு, அம்மாவின் வேன் வருகிற வரைக்குமான ஒரு மணி நேரம், அப்பாவும் பெண்ணும் அதில் கார் ரேஸ் ஓட்டுவார்கள். ஆறு வருஷமாக.

அந்த கேமில் இரண்டு பேர் ஓட்டினால் திரை குறுக்கே இரண்டாகப் பிரியும். மேல் பாதி ஒருவருக்கு, கீழ்ப் பாதி ஒருவருக்கு. ஒரே கீபோர்டு. இடது பக்க எழுத்துகள் அவளுக்கு, வலது பக்க அம்புக்குறிகள் அவருக்கு. பதினாலு அங்குலம்தான் மானிட்டர், அதைப் பாதியாக்கினால் ஆளுக்கு ஒரு கை அகலம் கிடைக்கும். போதாக்குறைக்கு, உப்புக் காற்று அதன் உள்ளே போய் மேல்பக்கத்தைத் தின்றுவிட்டிருந்தது. திரையின் உச்சியில் மூன்று விரல் அகலத்துக்குப் படம் மடங்கி, வெள்ளைக் கோடுகளாகச் சுருண்டு நிற்கும். முன்பே இரண்டு முறை நான் போய் உள்ளே ஒரு கெபாசிட்டரை மாற்றியிருக்கிறேன். பத்து நாள் நன்றாக இருக்கும், மறுபடி மடங்கும். இந்தத் தடவை கழற்றினால் திருகாணிகள் துருவாக உதிர்ந்தன. இதற்கு மேல் இதில் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அவர் எனக்கு டீ போட உள்ளே போனார். ஆனமட்டும் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம் என்று அந்தப் பெண் கேமைப் போட்டாள். அவள் கீழ்ப் பாதி. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேல் பாதி. முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன். இரண்டாவது வளைவிலும். அவள் ஒரு சுற்று முடித்து என்னைத் தாண்டிப் போனாள்.

"இன்னாண்ணா, எங்கப்பாவவிட மோசமா ஓட்றீங்க" என்றாள்.

எனக்கு ரோஷமாகிவிட்டது. அந்த ரோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"வளைவு வர்றதே தெரியலம்மா. தூரத்துல வர்ற ரோடு அந்த மடங்கின எடத்துலதான கீது? அத்தப் பாக்காம எப்டி ஓட்றது?"

அவள் கை கீபோர்டில் நின்றுவிட்டது. கீழ்ப் பாதியில் அவள் கார் தானாக மணலுக்குள் போய் நின்றது. தினமும் பார்த்த திரையின் மேல் பக்கத்தை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மடங்கியிருப்பது அவளுக்குத் தெரியாததில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கேட்டிருக்கிறாள். வானம்தானே மடங்குகிறது, ரோடு கீழேதானே இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவளும் நம்பிவிட்டாள். அப்பாவுக்கு ஓட்ட வராது, தனக்கு வரும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

அவர் இரண்டு கிளாஸில் பாதிப் பாதி டீயோடு வந்தார்.

"அப்பா, உனுக்கு வளைவு தெரியாதா?"

"தெரியாம இன்னா. எல்லா வளைவும் மனசுல கீதும்மா."

"எத்தினி வருசமா?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கம்ப்யூட்டரை நிறுத்தினாள்.

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம் இன்னா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். நான் டீயை வாயில் ஊற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு போனேன். ஒரு மானிட்டரைப் பார்க்கப் போனவன், எதற்கு வாயைத் திறந்தேன்?

அதற்குப் பிறகு அவள் கேம் பக்கம் வரவில்லையாம். சண்டை ஒன்றுமில்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். வா ஓட்டலாம் என்று கூப்பிட்டால் மட்டும் வேணாம்பா என்கிறாள். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வேனுக்குக் காத்திருக்கிறார்களாம். இதையெல்லாம் அட்டையோடு வந்த அன்று டீக்கடையில் நின்று என்னிடம் சொன்னார். கையில் சீட்டு எடுத்த பணம் நாலாயிரம் இருக்கிறது என்றார். அதற்குமேல் ஒரு பைசா புரட்ட முடியாது, புரட்டினால் ஆஸ்டல் பெட்டி படுக்கைக்கு வைத்திருப்பதில்தான் கைவைக்க வேண்டும் என்றார்.

"ரிசல்ட்டு வந்து, எங்கியாவது சீட்டு கெட்சி, அவ கெளம்பறதுக்குள்ள ஒரு ரேசு ஓட்டணும் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே மாரி தெரியணும். அவ ஜெயிச்சது ஜெயிப்புதான்னு அவளுக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு ரேஸ். அதற்காகத்தான் அந்த அட்டை.

இன்றைக்கு கேமுக்கு மானிட்டர் வாங்க வருகிற பிள்ளைகள் என்னென்னவோ எண்களைச் சொல்லிக் கேட்கிறார்கள். நானும் பதில் சொல்கிறேன். அந்த டீத்தூள் அட்டை கண்டுபிடித்ததைப் பெட்டிமேல் போட்டிருந்த எந்த எண்ணும் எனக்குச் சொன்னதில்லை. அப்போது தட்டை மானிட்டர் புதுசாக வந்துகொண்டிருந்த காலம். மூலையில் அடிபட்ட பழைய தட்டை ஒன்று கடையில் கிடந்தது. அதை அவர் தலையில் கட்டிவிட முதலாளிக்கு ஆசை. அவரோ அட்டையை வைத்தார். கீழே மறைத்தால் மேல் பாதி அந்தி சாய்ந்த மாதிரி இருட்டாக இருந்தது. மேலே மறைத்தால் கீழ்ப் பாதி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. கார் ரேஸைப் போட்டு ஓடவிட்டால், கார் போன தடத்தில் ஒரு நிழல் வேறு இழுத்துக்கொண்டு போனது. முதலாளி, தலையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், சரியாகிவிடும் என்றார்.

"ரெண்டு தல குனியணுமே சார்" என்றார் அவர். முதலாளி அதற்கப்புறம் அவருக்கு எதையும் காட்டவில்லை. நீயே பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டுவிட்டார்.

கையில் இருந்த காசுக்குப் புதுசு வாங்கினால் பதினைந்து அங்குலம் கிடைக்கும். இரண்டு பாதியும் ஒன்றுபோல இருந்தது. ஆனால் பாதியாக்கிப் பார்த்தால் பழையதைவிட ஒரு விரல்கூட அகலம் தேறவில்லை. பழசில் போனால் பதினேழு அங்குலம் கிடைக்கும். அதில்தான் தேட வேண்டும் என்று முடிவானது. சென்னை ஆபீஸ்களில் கழித்துப்போடுகிற மானிட்டர்கள் எப்போதாவது லாரியில் வரும். வாரா வாரம் வியாழக்கிழமை, கேண்டீன் விடுமுறையில் அவர் வருவார். வந்து அட்டையை வைத்துப் பார்ப்பார். ஒன்றில் கீழ் மூலை மங்கல். ஒன்றில் மேல்பக்கம் பச்சை பூத்திருந்தது. மூன்றாவது வாரம் ஒரு பதினேழு அங்குலத்தின் முன்னால் வெகுநேரம் குனிந்திருந்தார். அட்டையை மேலே வைத்தார், கீழே வைத்தார், மறுபடி மேலே வைத்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"இதாம்பா."

அவர் பணத்தை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ அந்த மானிட்டர் புகைந்து, அவர் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வருவது அப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. இது அதிகம் ஓடின டியூப், எத்தனை மாசம் தாங்கும் என்று சொல்ல முடியாது, அடுத்த மாசம் ஒரு கம்பெனி காலி செய்கிறது, நல்ல சரக்கு வரும், விலையும் இறங்கும், ரிசல்ட்டுக்குத்தான் நாள் இருக்கிறதே என்று சொன்னேன். நீட்டி முழக்கிச் சொன்னேன். அவர் மானிட்டரை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ சொன்னா சரிதான் தம்பி."

அந்த மானிட்டரை இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவிலிருந்த டைப்பிங் சென்டர்காரர் வாங்கிப்போனார். நான் அந்தக் கடையை விட்டுப் போகிற வரைக்கும் அது அங்கே எரிந்துகொண்டிருந்தது. ஒருநாள்கூட ரிப்பேருக்கு வரவில்லை.

அடுத்த மாசம் லாரி வரவில்லை. ரிசல்ட் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நாகர்கோவில் பக்கம் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. யாரோ சேராமல் விட்ட இடமாம், இரண்டு நாளில் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தார். நாளைக்கு ராத்திரி ரயில், எதாவது வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றேன். சரி தம்பி, பரவால்ல என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நான் டைப்பிங் சென்டர் வாசலில் போய் நின்றேன். உள்ளே அந்த மானிட்டரில் யாரோ ஒரு பெண் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சாயங்காலத்துக்குக் கொடுங்கள், நாளைக் காலையில் நானே கொண்டுவந்து வைக்கிறேன் என்று கேட்டிருக்கலாம். அவர் தெரிந்தவர்தான், கொடுத்தும் இருப்பார். வழியில் உடைந்துவிட்டால்? இல்லை என்று சொல்லிவிட்டால்? எதற்கு என்று கேட்டால் கார் ரேஸுக்கு என்று எப்படிச் சொல்வது? கால்மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அவர் திரும்பி வந்த வாரத்தில் லாரி வந்தது. வேண்டுமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வியாழக்கிழமை வழக்கம்போல அட்டையோடு வந்தார். ஒரு பதினேழு அங்குலம் தேறியது. இரண்டு பாதியும் கண்ணாடி மாதிரி ஒன்றாக இருந்தது.

"இப்ப எதுக்குண்ணாத்த?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"லீவுக்கு வருவாளே."

பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, கடலோரத் தெருவில் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் காலத்து மானிட்டரில் பாரமெல்லாம் கண்ணாடிப் பக்கம்தான். பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக் கூடு. கண்ணாடிப் பக்கத்தை அவர் பிடித்திருந்தார். நான் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி இருந்தார். அன்றைக்குக் கம்பெனி லீவு. மானிட்டரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வந்துச்சா? பொண்ணு இருக்கறப்ப வெல எறங்கட்டும், வெல எறங்கட்டும்னு குந்திகினு இருந்தாரு தம்பி. இப்ப யாரு ஓட்டப்போறா, நானா?"

விலை இறங்கட்டும் என்று சொன்னவன் நான். அவரைப் பார்த்தேன். அவர் பிளக் பாயிண்டைத் தேடிக் குனிந்திருந்தார். பெண்ணிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அப்பா நாலு காசு பார்த்துக்கினு லேட் பண்ணிட்டேம்மா என்று. "அக்கா, அது அவரு இல்ல" என்று நான் ஆரம்பித்தேன். அவர் சட்டென்று நிமிர்ந்து, தம்பிக்கு டீ போடு என்று மனைவியை உள்ளே அனுப்பிவிட்டார்.

"ரெண்டு பேரும் திட்டு வாங்கி இன்னா ஆவப்போவுது? அத்த வுடு" என்றார் என்னிடம்.

அப்போதுதான் ஒரு விஷயம் சொன்னார். அவர் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும். சோற்றின் நடுவில் விரலால் கோடு போட்டுவிட்டு அம்மா தண்ணி மொள்ளப் போய்விடுவாராம். இவர் தம்பிக்குக் கை சின்னது, மெதுவாகத்தான் தின்பான். கோட்டைத் தாண்டாமல் அவனுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அதைப் பெரிசாக ஏதோ பேசிவிட்ட மாதிரி வெட்கப்பட்டார்.

மானிட்டரை மாட்டினேன். முதலில் திரை கண் சிமிட்டுகிற மாதிரி துடித்தது. திரை நொடிக்கு எத்தனை தடவை எரிந்து அணைகிறது என்கிற எண்ணைக் கம்ப்யூட்டரில் அறுபதிலிருந்து எண்பத்தைந்துக்கு மாற்ற வேண்டும், மாற்றியதும் குளம் மாதிரி நின்றது. ஓட்டிப் பாருங்கள் என்றேன். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலி. கேம் ஆரம்பத்தில் ஒருவரா, இருவரா என்று கேட்கும். அவர் இருவர் என்பதை அழுத்தினார்.

"ஒருத்தர்னு போடுங்கண்ணாத்த. முழுசாத் தெரியும்."

"முழுசு எனக்கு எதுக்கு?"

திரை இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதியில் அவர் கார் கிளம்பியது. வளைவுகள் தூரத்திலிருந்தே வரத் தொடங்கின. மனசில் இருந்த வளைவுகளை அவர் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் 'ஓ' என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். கீழ்ப் பாதியில் அவள் கார் கிளம்பின கோட்டிலேயே நின்றது. என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஒரு சுற்று முடித்து அந்தக் கோட்டுக்கு வந்தபோது வேகத்தைக் குறைத்து, அவள் கார்மேல் இடிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போனார். அடுத்த சுற்றிலும் ஒதுங்கிப் போனார். கீழ்ப் பாதியில் பார்த்தால், நிற்கிற காரைத் தாண்டி இன்னொரு கார் மெதுவாகப் போய்த் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போவது தெரிந்தது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஆறு மாசம் தினமும் அப்படித்தான் ஓட்டினார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். நிற்கிற வண்டியைச் சுத்திச் சுத்தி வருது, பைத்தியம் புடிச்சா மாரி என்று. எனக்கு வேறு கவலை. அந்த டியூப் கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்க வேண்டும். உப்புக் காற்று உள்ளே போகாமல் இருக்க வேலை முடிந்ததும் துணி போட்டு மூடச் சொன்னேன். அந்தப் பக்கம் ரிப்பேருக்குப் போகும்போதெல்லாம் சும்மா எட்டிப் பார்ப்பேன். மேல் ஓரத்தில் மடிப்பு விழுகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் விழவில்லை.

கிறிஸ்மஸ் லீவுக்கு அவள் வந்தாள். பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் அவர் கடைக்கு வந்தார். கையில் அட்டை இல்லை, பேப்பரில் சுற்றின கேக் இருந்தது. என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஒரு டீ சொல்லி, காலி கிளாஸ் வாங்கி ஆற்றினார். எனக்கு வந்த கிளாஸில் நுரையே இல்லை. நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

"நேத்து ஒக்காந்தோம்" என்றார் அவரே.

மானிட்டரைப் பார்த்ததும் அவள் மூடியிருந்த துணியை எடுத்து மடித்துவிட்டு, தானே கேமைப் போட்டிருக்கிறாள். அவர் வழக்கமான நாற்காலிக்குப் போயிருக்கிறார். அவள் அவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு அதில் தான் உட்கார்ந்துகொண்டாளாம்.

"மேல் பாதிய அவ எடுத்துக்கினா தம்பி. நீ கீழ ஓட்டுப்பான்னுட்டா. நான் கீழ ஓட்டினதே இல்ல."

மூன்று ரேஸ் ஓட்டியிருக்கிறார்கள். அம்மா சமையலை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்று பார்த்திருக்கிறார்.

"மூணுலயும் தோத்தேன்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண் மெடல் வாங்கின மாதிரி இருந்தது. "ஒண்ணுல ஒரு சுத்தே பின்னால. அவ எழுந்து நின்னு சிரிக்கிறா. அம்மாகிட்ட திரும்பி, பாத்தியாம்மா, பாத்தியாம்மான்றா."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் புத்தி எங்கே போகும். நுரையில்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். பஸ்ஸில் பாதி சீட்டு, குடையில் பாதி நனைவு, எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் மறுபடியும் அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கேட்டே விட்டேன்.

"நெசம் சொல்லுங்கண்ணாத்த. வுட்டுக் குடுத்தீங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டீ மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். என் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"வுட்டுக் குடுக்கணும்னுதான் தம்பி ஒக்காந்தேன். எங்க, அதுக்கு அவ நேரமே குடுக்கல."